குத்தாத ஊசி

சட்டைக்குப் பொத்தான் தைக்கும்போது விரலில் ஊசி ஏறாத குடும்பம் நம் நாட்டில் இராது. "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம்; விரல் நுனியில் ஒரு பொட்டு இரத்தம்; விரல் உடனே வாய்க்குள் போகிறது; மறு நிமிஷம் பொத்தான் வேலை மறுபடியும் நடக்கிறது. துணி தைப்பவர்களுக்கு ஊசிக் குத்து ஒரு விஷயமே அல்ல. அதைக்கூடப் பொறுக்க மாட்டாத தையற்காரர், விரலில் அங்குஸ்தான் என்னும் உலோகத் தொப்பியை மாட்டிக்கொண்டு நிம்மதியாகத் தைத்துக்கொண்டிருப்பார்.

மனித உடம்பைத் தைப்பவர்களின் சங்கதி வேறு. அவர்கள் கையிலுள்ள ஊசி மற்றொருவருடைய இரத்தத்தில் தோய்ந்து வருகிறது. அது தவறி அவர்களுடைய விரலில் ஏறினால், அந்த ஒரு பொட்டு இரத்தத்தோடு என்ன உள்ளே போயிற்று என்பது பல வாரங்கள் கழித்தே தெரியும். அங்குஸ்தான் மாட்டிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நோயாளியின் உடம்புக்குள்ளே கண்ணுக்கு எட்டாததை விரல் நுனியால் தொட்டுத் தெரிந்துகொள்வதுதான் ரண வைத்தியருடைய தொழிலில் பாதி. உலோகத் தொப்பி மாட்டிய விரல் எதைத் தொட்டறியும்?

ஆகவே, ரண வைத்தியருக்கு வேண்டிய ஊசி மிகவும் விசித்திரமானது. நோயாளியின் சதையில் அது தடங்கலின்றி ஏற வேண்டும். ஏறும்போது சதையைக் கிழிக்கக் கூடாது. வைத்தியரின் விரலிலோ ஏறவே கூடாது. இப்படி ஆள் பார்த்துக் குத்துவதற்கு ஊசிக்கு என்ன, கண்ணா இருக்கிறது? தமிழர்களாகிய நாம் ஊசிக்குக் காதைத்தான் கொடுத்திருக்கிறோம், கண்ணைக் கொடுக்கவில்லை. ஆயினும், ஏறக்குறைய அப்படிப்பட்ட ஊசி ஒன்று இன்று உலகத்தில் இருக்கத்தான் இருக்கிறது. அது வந்து சேர்ந்த கதை நீண்டது. அதன் முதல் அத்தியாயம் நம்முடைய தேசத்தில் நடந்தது.

மாலதிப் பூவின் காம்பு

சுச்ருத சம்ஹிதை என்னும் ஆயுர்வேத கிரந்தம், கிறிஸ்து பிறப்பதற்கு முன்னும் பின்னுமான சில நூற்றாண்டுகளில் உருவாகித் திரண்டது என்பது ஆராய்ச்சியாளர்களின் கொள்கை. ஒரே ஊசியை வைத்துக்கொண்டு உடம்பு முழுவதையும் தைத்துவிடலாம் என்று அந்த நூலை இயற்றியவர் எண்ணவில்லை. மூன்று ஜாதி ஊசிகளை அவர் வகுத்திருக்கிறார். சதைப்பற்றுக் குறைந்த இடங்களுக்கும் மூட்டுகளுக்கும் இரண்டு விரற்கடை நீளமுள்ள உருண்டை ஊசி. சதைப்பற்று மிகுந்த இடங்களுக்கு மூன்று விரற்கடை நீளத்தில், மூன்று பட்டை உள்ள ஊசி. வயிறு முதலிய ஆபத்தான ஸ்தானங்களுக்கு வில்லைப் போல் வளைந்த ஊசி. இந்த மூன்றின் முனையும் மாலதிப் பூவின் காம்பு நுனியைப் போல் உருண்டு திரண்டு கூராக இருக்க வேண்டுமாம்.

இன்றைக்கு எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் உள்ள ஊசிப் பெட்டிகளைத் திறந்து பார்த்தால், உருண்டை உடல், மூன்று பட்டை, வளைவு என்ற இந்த லக்ஷணங்களையே காணலாம். குடல் போன்ற மிருதுவான பாகங்களுக்கு உருண்டை உடல். தடித்த தோலுக்கு மூன்று பட்டை. வளைவு மட்டும் இப்போது அநேகமாக எல்லா ஊசிகளுக்கும் பொதுவாகிவிட்டது.

ஊசியைவிட, அதைச் செலுத்தும் முறையைப் பற்றி அந்த நூலில் சொல்லியிருப்பதுதான் எனக்கு அதிக வியப்பைத் தருகிறது. காயத்தின் இரண்டு ஓரங்களையும் நூல்காரர் உதடுகள் என்கிறார். உதட்டுக்கு வெகு தூரத்தில் ஊசியைப் பாய்ச்சினால் உதடு வலிக்கும்; வெகு கிட்டத்தில் பாய்ச்சினால் பிய்ந்துகொண்டு வந்துவிடும். எவ்வளவு தூரம் என்பதை ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. கை பழக வேண்டும். அதற்கும் வழி சொல்லியிருக்கிறது. மெல்லிய துணி, கனத்த துணி, மிருதுவான தோல் ஆகியவற்றின் ஓரங்களைச் சேர்த்துத் தைத்துப் பழகிய பிறகே மாணாக்கன் மனிதன் மேல் ஊசி வைக்கலாம். இந்நாளில் வைத்தியக் கல்லூரி மாணவர்கள் வாழைப்பழத் தோலிலும் ரப்பர் தோலிலும் தைத்துப் பழகுகிறார்கள். நோயாளியைத் தவிர வேறு எதில் பழகினாலும் சரிதான்.

குடலில் ஓட்டை விழுந்தால் என்ன செய்வது? அதற்குச் சம்ஹிதை சொல்லும் உபாயம் நம்மைச் சற்றுத் தூக்கிவாரிப் போடும். ஓட்டையின் ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து, கறுப்பு எறும்புகளை விட்டுக் கடிக்கச் செய்ய வேண்டும். கடித்ததும் உடலைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும். தலை மட்டும் கவ்வியபடியே இருக்கும். சிரிக்க வேண்டாம். 1908-ம் ஆண்டில் புடாபெஸ்ட் நகரத்து டாக்டர் ஹ்யூல்ட்ல் என்பவர், ஃபிஷர் என்ற கருவித் தொழிலாளியின் உதவியால், வரிசை வரிசையாக உலோகக் கொக்கிகளை அடித்து இரைப்பையை மூடும் யந்திரம் ஒன்றைச் செய்வித்தார். எறும்பின் தாடை செய்த வேலையைக் கம்பி செய்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கனத்த யந்திரத்தை அதே நாட்டு டாக்டர் பெட்ஸ் இலேசாக்கினார். பிற்பாடு சோவியத் நாட்டார் அதை விருத்தி செய்தார்கள். 1958-ல் கீவ் நகரத்துக்குச் சென்ற அமெரிக்க ரண வைத்தியர் ராவிச் அதைக் கண்டு அதிசயித்து ஊருக்குக் கொண்டு போனார். இன்று குடல் ஆபரேஷன்களில் பெரும் பகுதி இந்த 'ஸ்டேப்ளர்' என்னும் கொக்கி யந்திரத்தின் உதவியால்தான் நடக்கிறது.

இவ்வளவு தெரிந்த நாம் பிறகு என்ன ஆனோம்? 1793-ல் புனா நகருக்கு அருகே, போரில் மூக்கறுபட்ட வண்டிக்காரர் ஒருவருக்கு, செங்கல் சூளைக்காரர் குலத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலை மடக்கி இறக்கிப் புது மூக்கு அமைத்துக் கொடுத்தார். ஆங்கில வைத்தியர் இருவர் கூட இருந்து பார்த்தார்கள். மறு வருஷம் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு அந்தச் செய்தி வெளியாயிற்று. மேல்நாட்டில் மூக்கு அமைக்கும் சிகிச்சை புத்துயிர் பெற்றது அதிலிருந்துதான். ஆனால் அந்த வர்ணனையைக் கவனித்துப் படித்தால் ஒரு விஷயம் புலப்படும். அந்தச் சிகிச்சையில் ஊசியும் இல்லை, நூலும் இல்லை. தோலின் ஓரத்தைக் கீறிய பள்ளத்தில் செருகி, காசுக்கட்டிக் குழம்பில் நனைத்த துணித் துண்டுகளை ஒட்டி வைத்திருக்கிறார்கள். கை வித்தை தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. மூன்று ஊசிகளைப் பற்றிய ஏடு வேறு யாரிடமோ இருந்தது. ஏடு வைத்திருந்தவர் இரத்தத்தைத் தொட மாட்டார். இரத்தத்தைத் தொட்டவருக்கு ஏடு கொடுக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் நம் முன்னோர் கண்டுபிடித்துவிட்டனர் என்று மார்தட்டுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிப்பது நல்லது.

காது போன கதை

நிற்க. ஊசி நோயாளிக்குச் செய்யும் தீங்கு என்ன என்பதை முதலில் பார்ப்போம்.

காதுள்ள ஊசியில் நூல் கோத்தால், காதுக்கு அருகில் நூல் இரட்டையாகிறது. ஊசியும் அந்த இடத்தில் சற்றுப் பருத்திருக்கிறது. ஆகவே ஊசி போட்ட துவாரம், பின்னால் தங்கப் போகும் ஒற்றை நூலைவிடப் பெரியதாகிவிடுகிறது. வேஷ்டியில் இதனால் ஒன்றும் மோசமில்லை. குடலிலோ அந்த இடைவெளி வழியாக உள்ளே இருப்பது வெளியே கசியும். இரத்தக் குழாயிலோ இரத்தம் கசியும். மேலும், அதே ஊசியைக் கழுவிக் காய்ச்சிப் பலமுறை உபயோகித்தால் முனை மழுங்கி, சதையைத் துளைப்பதற்குப் பதிலாகக் கிழிக்கத் தொடங்கும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதற்கு ஒரு பரிகாரம் பரவலாயிற்று. ஊசியின் பின்புறத்தில் நேராகத் துளை குடைந்து, நூலின் நுனியை அதில் நுழைத்து நசுக்கிவிட்டார்கள். ஊசி முடிகிற இடத்தில் நூல் தொடங்குகிறது. இரண்டுக்கும் பருமன் ஏறக்குறைய ஒன்றே. காது போயிற்று! காதில்லாத ஊசி என்றதும் நம்மவர்களுக்குப் பட்டினத்தடிகள் துறவு பூண்ட கதைதான் நினைவுக்கு வரும். ஒன்றுக்கும் உதவாத பொருளுக்கு அடையாளமாக அந்தக் கதையில் வந்த காதற்ற ஊசி, இன்று ஆஸ்பத்திரிகளில் கிருமி நீக்கிய உறைக்குள் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு, ஒரே ஒரு தடவை உபயோகிக்கப்பட்டு, குப்பைக்குப் போகிறது.

மூன்று பட்டை ஊசியிலும் ஒரு சிறு மாறுதல் நடந்தது. சிறியதுதான், ஆனால் யோசித்தவர் நல்ல மூளைக்காரர். வளைந்த ஊசியின் மூன்று விளிம்புகளில் ஒன்று, வளைவின் உட்புறத்தில், அதாவது காயத்தின் உதட்டை நோக்கி இருந்தது. ஊசி போகும் வழியில் அந்த விளிம்பு உதட்டுப் பக்கமாக ஒரு சிறு வெட்டு வெட்டிவிடும். பிறகு நூலை இறுக்கும்போது, நூல் அந்த வெட்டு வழியாகவே அறுத்துக்கொண்டு காயத்தை நோக்கி நகரும். சுச்ருதர் பயந்தது இதற்கேதான்: பிய்ந்துகொண்டு வருதல். விளிம்பை வளைவின் வெளிப்புறத்துக்குத் திருப்பிவிட்டார்கள். நூல் இழுக்கும் பக்கத்தில் இப்போது வெட்டு இல்லை. பட்டையான சுவர் இருக்கிறது. உலோகத்தின் அளவு கூடவில்லை, குறையவும் இல்லை. முக்கோணத்தைக் கவிழ்த்து வைத்ததோடு சரி.

இந்த வளைந்த ஊசியை விரலால் பிடிப்பதில்லை. நீடில் ஹோல்டர் என்னும் ஊசிக் குறட்டால் பிடிக்கிறார்கள். ஊசியின் வளைவு எந்த வட்டத்தின் பகுதியோ, அந்த வட்டத்தின் வழியே மணிக்கட்டு சுழல வேண்டும். ஊசியை நேராகத் தள்ளினால் துவாரம் நீண்டு கிழியும். கைதேர்ந்த ரண வைத்தியர் தைக்கும்போது அவருடைய மணிக்கட்டைக் கவனித்தால், சாவியைப் பூட்டில் திருப்புவது போலத்தான் இருக்கும்.

பட்டு நகரத்தில் ஒரு கொலை

1894-ம் வருஷம் ஜூன் மாதம் 24-ந் தேதி மாலை, பிரான்ஸ் தேசத்து ஜனாதிபதி கார்னோ என்பவர் லியோன் நகரத்தில் வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது ஓர் இத்தாலிய வாலிபன் அவரை வயிற்றில் குத்திவிட்டான். கத்தி, கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரையை அறுத்துவிட்டது. பிரபல வைத்தியர்கள் சூழ்ந்திருந்தும் இரத்தத்தை நிறுத்த முடியவில்லை. நள்ளிரவுக்குச் சற்றுப் பின் அவர் பிராணன் போயிற்று.

ஜனாதிபதிக்கே கதி இதுவென்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்பானேன்! அக்காலத்தில் பெரிய இரத்தக் குழாய் அறுந்தால், கட்டி அடைத்துவிடுவதுதான் சிகிச்சை. கட்டினால் இரத்தம் நிற்கும். ஆனால் குழாய் போஷித்து வந்த அங்கம் அழுகிவிடும். தைத்துப் பார்த்தவர்களும் உண்டு. தைத்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாய் அடைபட்டுப் போகும்; அல்லது தையல் விட்டுப்போகும்.

அப்போது அந்த நகரத்தில் இருபத்தொரு வயதுகூட நிரம்பாத ஒரு வைத்திய மாணவர் இருந்தார். பெயர் அலெக்ஸிஸ் காரெல். கிழிந்த சிரையைத் துணியைப் போல் தைக்க முடிந்திருந்தால் ஜனாதிபதி பிழைத்திருப்பாரே என்ற எண்ணம் அவரை விடவில்லை. லியோன் பட்டு நெசவுக்கும் பூவேலைக்கும் பேர்போன ஊர். காரெலின் குடும்பமே துணித் தொழில் செய்த குடும்பம். வைத்திய ஆசிரியர்களால் ஆகாததைப் பூவேலைக்காரர்களிடம் தேடிச் சென்றார். அந்த ஊரில் மிகச் சிறந்த பூவேலைக்காரி என்று பெயர் வாங்கியிருந்த லெருதியே என்ற பெண்மணியிடம் அவர் ஊசி வித்தை கற்றுக்கொண்டார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். வைத்திய சாஸ்திரத்தில் ஒரு பெரிய திருப்பத்துக்கு, பட்டுத் துணியில் பூப்போட்டு ஜீவனம் செய்த ஒரு ஸ்திரீ குருவாக இருந்தார் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் கவனிக்க வேண்டும்.

காரெல் தேர்ந்தெடுத்த கருவிகள் மிக எளியவை: தையல் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் மிக நுண்ணிய ஊசிகள், மெல்லிய பட்டு நூல். நூலுக்கு வாஸலின் தடவினார். வழவழப்பான நூலில் இரத்தம் அவ்வளவு சுலபமாகப் பற்றி உறையாது. ஆனால் அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு கருவியில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது.

மெல்லிய ரப்பர்க் குழாய்த் துண்டுகள் இரண்டை எடுத்து, வாயோடு வாய் வைத்துத் தைத்துப் பாருங்கள். வட்டமான ஓரத்தைச் சுற்றித் தைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உடனே தெரியும். குழாய் சப்பையாகி மடியும். முன் சுவரைத் தைக்கும் ஊசி பின் சுவரையும் சேர்த்துப் பிடித்து வாயையே அடைத்துவிடும். காரெல், வட்டத்தின் ஓரத்தில் சம தூரத்தில் மூன்று இடங்களில் மட்டும் முதலில் ஒவ்வொரு தையல் போட்டார். அந்த மூன்று நூல்களையும் மூன்று பக்கமாக இலேசாக இழுத்தார். வட்டம் முக்கோணமாகிவிட்டது! வளைந்த ஓரத்தைத் தைப்பது கஷ்டம். நேரான ஓரத்தைத் தைப்பது பூவேலைக்காரிக்கு விளையாட்டு. ஒரு பக்கத்தைத் தைக்கும்போது மற்ற இரண்டு பக்கங்களும் ஊசிக்கு எட்டாமல் விலகி நிற்கின்றன. மூன்று பக்கமும் தைத்து முடித்து நூலைத் தளர்த்தியதும் குழாய் மீண்டும் வட்டமாகிவிடுகிறது. 1902-ல் லியோன் நகரத்து வைத்தியப் பத்திரிகையில் இந்த முறையை அவர் வெளியிட்டார்.

அதன் பெருமை உலகத்துக்குத் தெரிந்தது, 1908-ம் வருஷம் நியூயார்க் நகரத்தில் ஒரு வீட்டில் நடந்த சம்பவத்தினால். காரெல் அப்போது அந்நகரத்து ராக்பெல்லர் ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் இருந்தார். ஒரு டாக்டருடைய வீட்டில் பிறந்து சில நாட்களே ஆன பெண் குழந்தைக்கு உள்ளே இரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. உடம்பெல்லாம் மெழுகைப் போல் வெளுத்துவிட்டது. வேறொருவர் இரத்தத்தைக் கொடுத்தாலொழிய பிழைக்காது. ஆனால் அந்தக் காலத்தில் இரத்தத்தை எடுத்துச் சீசாவில் வைத்துக்கொள்ளத் தெரியாது. எடுத்த மாத்திரத்தில் உறைந்துவிடும். உறையாமல் வைக்கும் உப்பு 1914-க்குப் பிறகுதான் உபயோகத்துக்கு வந்தது. ஆகவே தகப்பனாரின் மணிக்கட்டுத் தமனியைக் குழந்தையின் கால் சிரையோடு நேராகச் சேர்த்துத் தைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பச்சைக் குழந்தையின் சிரை எவ்வளவு பருமன் இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் சுவர் ஈரக் காகிதத்தைப் போன்றது. தகப்பனாரை மேஜை மேல் படுக்க வைத்து, அவர் கைக்குப் பக்கத்தில் குழந்தையின் காலைக் கட்டி வைத்து, காரெல் தைத்தார். தையல் முடிந்து இரத்தம் பாயத் தொடங்கியதும், வெளுத்துக் கிடந்த குழந்தையின் மேனியில் சிவப்பு ஏறுவதைச் சூழ நின்றவர்கள் கண்ணால் கண்டார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது.

நான்கு வருஷம் கழித்து, 1912-ல், காரெலுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கையின் நுட்பத்துக்கு ஏற்ற மனம் அவரிடம் கடைசி வரை இருந்தது என்று சொல்வதற்கில்லை. 1935-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில், 'தகாதவர்கள்' என்று சில மனிதரை ஒதுக்கி அழிப்பதை ஆதரித்து எழுதினார். ஜெர்மானியர் பிரான்ஸைப் பிடித்திருந்த காலத்தில், அவர்களுக்கு இணங்கிய விஷி அரசாங்கத்தின் ஆதரவில் ஒரு ஸ்தாபனம் நடத்தி, அந்த நிழலிலேயே 1944-ல் காலமானார். தையலை ஏற்றுக்கொண்ட உலகம் புத்தகத்தைத் தள்ளிவிட்டது.

அந்தத் தையல்தான் பிறகு மூத்திரக்காயை மாற்றி வைப்பதற்கும், இருதயக் குழாய்களுக்கு மாற்று வழி போடுவதற்கும் அஸ்திவாரமாயிற்று. 1960-ல் அமெரிக்க டாக்டர் ஜேகப்ஸன், சிறிய குழாய்களைப் பூதக்கண்ணாடி யந்திரத்தின் கீழ் வைத்துத் தைக்கத் தொடங்கினார். கண் பெரிதாகப் பார்த்ததும், கை எவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறது என்று தெரிந்தது. ரண வைத்தியக் கருவிகள் உதவாமல், நகைத் தொழிலாளியின் இடுக்கிகளைக் கொண்டுவந்தார்கள். 1965-ல் ஜப்பானில் நாரா நகரத்து டாக்டர்கள் கொமாட்சுவும் தமாயும், முழுவதும் துண்டாகிவிட்ட ஒருவருடைய கட்டைவிரலை இந்த முறையில் மீண்டும் பொருத்தினார்கள். இத்தகைய வேலைகளுக்கு இன்று வழங்கும் நைலான் நூல்களில் ஒன்று, ஒரு மில்லிமீட்டரை நாற்பது பங்கு வைத்தால் அதில் ஏறக்குறைய ஒரு பங்கு பருமன். நம் தலைமயிரே அதைவிட இரண்டு மூன்று மடங்கு தடிப்பாக இருக்கும். மூச்சு விட்டால் பறந்துவிடும் நூலால் முடிச்சுப் போடுகிறார்கள்!

வைத்தியர் விரல்

நோயாளியின் சதைக்காக இவ்வளவு கவலைப்பட்ட சாஸ்திரம், தைக்கிறவர் விரலைப் பற்றி வெகு காலம் கவலைப்படவே இல்லை.

எச்சரிக்கை இல்லாமற் போகவில்லை. 1847-ல் வியன்னா நகரத்தில் கொலெட்ச்கா என்ற பேராசிரியர் பிணப் பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது, ஒரு மாணவனுடைய கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. சிறு காயந்தான். சில நாட்களில் உடம்பெல்லாம் விஷம் ஏறி அவர் இறந்து போனார். பிரசவமான ஸ்திரீகளைக் கொல்லும் ஜுரமும் நண்பரைக் கொன்ற நோயும் ஒன்றே என்பதை அப்போது உணர்ந்தவர்தான் ஸெம்மெல்வைஸ். டாக்டர்கள் கை கழுவ வேண்டும் என்று அவர் போராடியது அதன் பிறகுதான்.

கையுறை வந்த கதை வேடிக்கையானது. 1889-ம் ஆண்டு முடிவில் அமெரிக்காவில் டாக்டர் ஹால்ஸ்டெட் என்பவர், தம்முடன் வேலை செய்த காரொலைன் ஹாம்ப்டன் என்ற நர்ஸின் கைகள் கிருமி நாசினித் திரவத்தால் புண்ணாவதைக் கண்டு மனம் பொறாமல், ரப்பர்க் கம்பெனிக்கு எழுதி மெல்லிய கையுறைகள் செய்வித்தார். அடுத்த வருஷமே அந்த நர்ஸை விவாகமும் செய்துகொண்டார். ஆக, ஆபரேஷன் கையுறை முதன் முதலில் கிருமிக்குப் பயந்து வந்ததன்று, பிரியத்தினால் வந்தது. அது கையைத் திரவத்திலிருந்து காப்பாற்றும், ஊசியைத் தடுக்காது. ஆயினும் ஊசி ரப்பரைத் துளைத்துக்கொண்டு வரும்போது அதன் மேல் உள்ள இரத்தத்தில் ஒரு பகுதி வெளியே வழித்து விடப்படுகிறது. அதனால் இரண்டு கையுறைகளை ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் உள் உறையில் துவாரம் விழுவது வெகுவாகக் குறைகிறது.

1980-களில் எய்ட்ஸ் நோய் பரவிய பிறகுதான் ஆபரேஷன் அறைகளில் உண்மையான பயம் புகுந்தது. அந்தக் கிருமி உள்ள இரத்தம் தோய்ந்த ஊசி குத்தினால் நோய் தொற்றுவது சராசரியில் ஆயிரத்துக்கு மூன்று பேருக்கு. தையல் ஊசி உள்ளே துளையில்லாத கம்பியாதலால், இஞ்செக்ஷன் ஊசியைவிட அது சுமக்கும் இரத்தம் குறைவு, அபாயமும் குறைவு. அதைவிடப் பழைய சத்துரு கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி. தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளாதவருக்கு ஒரு குத்தில் அது தொற்றுவது, நூற்றுக்கு ஆறு முதல் முப்பது வரை. எய்ட்ஸுக்கு அஞ்சி நடுங்குகிறவர்கள் இதற்கு அஞ்சுவதில்லை!

குத்துகள் எப்போது நிகழ்கின்றன என்று ஆராய்ந்து பார்த்தார்கள். சிக்கலான வேலை எல்லாம் முடிந்து, வயிற்றின் தசையையும் அதை மூடிய உறுதியான சவ்வையும் சேர்த்துத் தைத்து மூடும் கட்டத்தில்தான் பெரும்பாலும் நேர்கிறது. எல்லோரும் களைத்திருக்கிறார்கள், குடல் குறுக்கே வராதிருக்க இடது கை விரல்கள் உள்ளே இருக்கின்றன, வலது கை ஊசி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முனையை நீட்டுகிறது. இடது ஆள்காட்டி விரல் குத்துப்படுகிறது.

இங்கேதான் நாம் தேடிவந்த ஊசி பிரவேசிக்கிறது. அதன் முனை கூராக இல்லை, மழுங்கலாக உருட்டப்பட்டிருக்கிறது. மூட்டை தைக்கும் கோணி ஊசியைப் பார்த்திருப்பீர்கள். சட்டை தைக்கும் ஊசி போல் அது கூர் உள்ளதன்று. ஆனால் சாக்கில் தாராளமாகப் போகிறது. சணல் இழையைத் துளைக்காமல், இழைகளை விலக்கிக்கொண்டு நடுவே புகுந்துவிடுகிறது. தசையும் சவ்வும் இழை இழையாக அமைந்தவை. மழுங்கல் முனை ஊசி அந்த இழைகளை ஒதுக்கிக்கொண்டு போகும். தோலோ, எல்லாத் திக்கிலும் பின்னிக் கிடக்கும் இழைகளால் ஆனது. வளைந்து கொடுக்குமே தவிர, சுலபத்தில் வழிவிடாது. ரப்பர்க் கையுறையும் அப்படியே. ஆகவே அந்த ஊசி நோயாளியின் தசைக்குள் ஏறுகிறது; வைத்தியர் விரலில் இடித்து நின்றுவிடுகிறது. கண் இல்லாமலே ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது. தோலைத் தைப்பதற்கு மட்டும் இது உதவாது என்பதை வாசகர்களே ஊகித்திருப்பார்கள். அதற்குப் பழைய கூர் ஊசிதான்.

1993 மார்ச்சிலிருந்து 1994 ஜூன் வரையில் நியூயார்க் நகரத்து ஆஸ்பத்திரிகள் சிலவற்றில், ஸ்திரீகளுக்குச் செய்யும் ஆபரேஷன்களில் இந்த ஊசியைச் சோதித்தார்கள். மழுங்கல் ஊசியின் உபயோகம் கூடக் கூடக் குத்துகள் குறைந்தன. மழுங்கல் ஊசியால் ஒருவருக்கும் காயம் ஏற்படவில்லை. விரலால் பிடித்துத் தைக்கும் நேர் ஊசிதான் எல்லாவற்றிலும் பொல்லாதது என்றும் தெரிய வந்தது. 2012-ல் அமெரிக்க அரசாங்கத்தின் மூன்று இலாகாக்கள் சேர்ந்து, தசையையும் சவ்வையும் தைக்க மழுங்கல் ஊசியையே உபயோகியுங்கள் என்று டாக்டர்களைக் கேட்டுக்கொண்டன. பலன் நிச்சயமான ஒன்றுக்காக இவ்வளவு வருஷம் கழித்தும் கெஞ்ச வேண்டியிருந்தது! காரணம் பெரிதல்ல. அந்த ஊசியைச் சற்று அழுத்தித் தள்ள வேண்டும். கை வேறு மாதிரி பழகியிருக்கிறது. விரலில் குத்துப்படுவதைத் தொழிலின் லக்ஷணம் என்றே கருதிப் பெருமிதம் கொண்ட பெரியவர்களும் இருந்தார்கள். அவர்கள் தம் விரலை மட்டும் பணயம் வைப்பதானால் நாம் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஆனால் குத்துப்பட்ட வைத்தியரின் இரத்தம் நோயாளியின் வயிற்றுக்குள்ளும் சொட்டும். எதிரே நின்று காயத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இளம் டாக்டருக்கும், கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸுக்கும் அந்த ஊசி பொதுச் சொத்து.

ஆகையால் வேறு சில வழக்கங்களும் சேர்ந்தன. கூரான எதையும் கைக்குக் கை கொடுப்பதில்லை. நடுவே ஒரு தட்டில் வைப்பது, மற்றவர் அதிலிருந்து எடுப்பது. காயத்தின் உதட்டை இடது கை விரலால் பிடிக்காமல் இடுக்கியால் பிடிப்பது. குத்திவிட்டால், நாம் பொத்தான் தைக்கும்போது செய்கிறோமே, அதை மட்டும் செய்யக் கூடாது: விரலை வாயில் வைக்கலாகாது, பிதுக்கவும் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே சொல்லவேண்டியவர்களிடம் சொல்ல வேண்டும். எய்ட்ஸுக்கான தடுப்பு மருந்தை, கூடுமானால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பிரயோஜனம்.

ஆபரேஷன் முடிந்து காயத்தை மூடுமுன், எடுத்த ஊசிகள் எத்தனை, திரும்பி வந்தவை எத்தனை என்று நர்ஸ் எண்ணுகிறாள். கணக்குச் சரியாக இருந்தால் நோயாளிக்கு அத்துடன் ஊசியின் சம்பந்தம் தீர்ந்தது. ஊசியின் பிரயாணம் தீரவில்லை. நம் நாட்டில் 2016-ம் வருஷத்து மருத்துவக் கழிவு விதிகளின்படி, கூரான பொருள்களையெல்லாம் எதுவும் துளைத்துக்கொண்டு வெளிவர முடியாத வெள்ளைப் பெட்டியில் போட்டு மூட வேண்டும். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் தொழிலாளிக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பு ஊசி போட்டிருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. ஊசியைப் பெட்டியில் போடாமல் சாதாரணக் குப்பைப் பையில் யாரோ போட்டுவிட்டால், பையைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கும் அந்த மனிதருக்கு இரட்டைக் கையுறையும் இல்லை, அங்குஸ்தானும் இல்லை.